வீட்டில் தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் வந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ்தான். என் கணவர் தேங்காய் லோடு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுகிறார். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். மகள் நான்காம் வகுப்பு வரை ஊரில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தாள். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புக்குப் பாலக்காட்டில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு மலையாளம் சரளமாகப் பேசுவாள், படிக்கவும் தெரியும். ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். மூன்று மொழிகள் சேர்ந்து குழந்தையைக் குழப்புகின்றன, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்றும் சொன்னார். சில பிள்ளைகள் அவளைப் ‘பாண்டி’ என்று, தமிழரைக் கேலி செய்யும் பெயரால், கூப்பிடுகிறார்களாம். போன வாரம் பள்ளி வாசலில் “சாப்பிட்டயா கண்ணு” என்று நான் கேட்டதும், “அம்மா, இங்கே தமிழில் பேசாதே” என்று காதோரம் சொன்னாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கட்டுமா, அல்லது பழைய பள்ளிக்கே மாற்றிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். இன்று இரவு முதல் அவளோடு இன்னும் அதிகமாகத் தமிழில் பேசுங்கள். பள்ளியை மாற்றுவது பற்றிய முடிவையும் இப்போது எடுக்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டு, உங்கள் ஊரைப் போன்ற எல்லைப்புற ஊர்களின் வகுப்பறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் குழந்தையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்திருக்கிறேன்.

டீச்சர் நல்லெண்ணத்தோடுதான் அதைச் சொல்லியிருப்பார். ஒரு பாத்திரத்தில் இவ்வளவு தண்ணீர்தான் பிடிக்கும், தமிழை ஊற்றினால் ஆங்கிலத்துக்கு இடம் இருக்காது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஆராய்ச்சியாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நம்பினார்கள். இரண்டு மொழிகளில் வளரும் குழந்தையின் அறிவு மந்தப்படும் என்றே எழுதினார்கள். 1962-இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் பத்து வயதுக் குழந்தைகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகள் ஒரே மொழி அறிந்த பிள்ளைகளைவிடப் பல சோதனைகளில் முன்னே நின்றார்கள். அந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த முறையில் குறை இருந்ததென்று பிற்பாடு சிலர் சொன்னது நியாயமே. ஆனாலும் இருமொழி என்பது அறிவுக்குக் கேடு என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பிறகு ஆராய்ச்சி உலகத்தில் வலுவிழந்துபோனது. ஆசிரியர் அறைகளில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இன்னொரு செய்தியைச் சொன்னார்; உங்களுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அதுதான். மொழிகள் மேலே தனித்தனியாகத் தெரிந்தாலும் அடியில் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஒன்றில் ஆழமாகக் கற்றது மற்றொன்றுக்கும் உதவும் என்று அவர் 1979-இல் எழுதினார். காரணம் சொல்வது, ஒப்பிடுவது, ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கோத்துச் சொல்வது ஆகிய திறமைகளைக் குழந்தை ஒருமுறை கற்றால் போதும். ஏன் மழைக்கு முன்பு எறும்பு மேட்டுக்கு ஏறுகிறது என்று உங்களிடம் தமிழில் விவாதிக்கத் தெரிந்த பிள்ளை, அறிவியல் பாடத்தில் அதே வகைக் கேள்விக்குப் பதில் எழுதும்போது ஆங்கிலச் சொற்களை மட்டும்தான் தேட வேண்டும். விவாதிக்கும் முறையைத் தேட வேண்டியதில்லை. அந்த விவாதத்தை நீங்கள் தமிழில்தான் நடத்த முடியும். அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் “சாப்பிடு, படி, தூங்கு” என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும். உங்கள் மகளுக்கு ஆங்கிலமும் கிடைக்காது, இதுவரை கிடைத்துக்கொண்டிருந்த தாயின் பேச்சும் கிடைக்காது.

அதே கம்மின்ஸ் வேறொரு கணக்கையும் காட்டினார். புது மொழியில் அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். ஆனால் பாடப் புத்தகத்தின் மொழியில் சக மாணவர்களுக்கு ஈடாக வருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவும் சுற்றிலும் ஆங்கிலமே ஒலிக்கும் நாட்டில் வாழ்ந்த குழந்தைகளின் கணக்கு. வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் கேட்கவே வாய்ப்பில்லாத ஊரில் வளர்ந்த உங்கள் மகள் ஆங்கிலவழிக்குப் போய் இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. அவள் பின்தங்கவில்லை, நடக்க வேண்டிய வேகத்தில்தான் நடக்கிறாள்.

மூன்று மொழிகள் அவளைக் குழப்புகின்றன என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவளிடமே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘வெள்ளம்’ என்றால் என்ன என்று கேளுங்கள். வீட்டில் அது ஆற்றில் கரைபுரண்டு வருவது, அடுத்த வீட்டில் அது குடத்தில் இருக்கும் தண்ணீர் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ‘அவசரம்’ நமக்கு விரைவு, மலையாளத்தில் அது வாய்ப்பு. ‘சம்சாரம்’ இங்கே மனைவி, அங்கே பேச்சு. ஒரே ஒலி இரண்டு பொருளைச் சுமப்பதையும், யாரிடம் பேசும்போது எந்தப் பொருள் பொருந்தும் என்பதையும் அவள் ஐந்து வயதிலேயே கற்றுவிட்டாள். ஒரு மொழி மட்டும் தெரிந்த குழந்தைக்குச் சொல் வேறு பொருள் வேறு என்ற இந்தத் தெளிவு எளிதில் கிட்டுவதில்லை. புது மொழி கற்பவருக்கு இதைவிடப் பெரிய கைமுதல் இருக்க முடியாது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு மட்டுமே இது கையில் இருக்கிறது. தமிழில் வினைச்சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறுகிறது: நான் வந்தேன், நீ வந்தாய், அவள் வந்தாள். மலையாளத்தில் வால் மாறுவதில்லை: ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு. ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இறந்த காலத்தில் ‘ஐ கேம், யூ கேம், ஷீ கேம்’ என்று மலையாளத்தைப் போலவே மாறாமல் இருக்கும். நிகழ்காலத்தில் மட்டும் ‘ஐ கம், ஷீ கம்ஸ்’ என்று தமிழின் பழக்கத்தில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ‘ஸ்’ஸை விட்டுவிடுவதற்காக ஆண்டுக்கணக்கில் சிவப்பு மையில் வட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒருமுறை விளக்கிய பிறகு, இது தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதுபோல் அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழை மறக்கச் சொல்லிவிட்டால் இந்த விளக்கத்தைச் சொல்லவே இடமிருக்காது.

உச்சரிப்பிலும் அப்படித்தான். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’ என்றே வரும். நம் எழுத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே ‘ப’தான். தமிழ்ப் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உங்கள் மகளுக்கு மலையாளம் படிக்கத் தெரியும் என்கிறீர்கள். மலையாளத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. எனவே புது ஆங்கிலச் சொற்களின் ஒலியை மலையாள எழுத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பொருளைத் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள், மூன்று எழுத்துகள். ‘இஸ்கூல்’ என்று முன்னால் இகரம் சேர்க்கும் பழக்கத்துக்கும் மலையாளமே மருந்து. ‘ஸ்நேகம்’, ‘ஸ்தலம்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு ‘ஸ்கூல்’ என்றும் சொல்லும். எங்கும் துணை கிடைக்காத இடங்களும் உண்டு. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘தி’ என்ற சிறு சொல்லுக்கு ஈடாகத் தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. நிறையப் படிப்பதால் மட்டுமே அது பிடிபடும், அதற்குக் காலம் ஆகும்.

இனி, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் வாசல் நிகழ்ச்சிக்கு வருகிறேன். டீச்சர் சொல்வதுபோல் இவள் வாய் திறக்காததற்குக் காரணம் மொழிக் குழப்பம் என்றால் அவள் மலையாளத்திலும் திக்க வேண்டும், வீட்டிலும் திக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படும்படி யாரோ செய்திருக்கிறார்கள்.

நானும் தமிழ்வழியில் படித்துவிட்டு எட்டாம் வகுப்பில் டவுன் பள்ளிக்குப் போனவள். முதல் வாரத்தில் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். மேலே சொன்ன அதே ‘பிக்’கில் தடுக்கி விழுந்தேன். வகுப்பு சிரித்தது. சிரித்து ஓயும் வரை ஆசிரியர் காத்திருந்துவிட்டு, அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொன்னார். அந்த ஆண்டு முழுவதும் நான் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசவில்லை. பரீட்சையில் மட்டும் எழுதினேன். அடுத்த ஆண்டு வந்த டீச்சர், எங்கள் ஊரில் நிலக்கடலை எப்படிப் பறிப்பார்கள் என்று என்னைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினார். கடைசியில், எழுதியதைப் படி என்றார். என் பேச்சு அங்கே ஆங்கிலத்தில் இருந்தது. படித்தேன். அதற்குப் பிறகு எனக்கு வாய் மூடியதே இல்லை.

பானி நார்ட்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் கனடாவில் குடியேறிய பெண்களிடம் நடத்திய ஆய்வு, எனக்கு நேர்ந்ததை விளக்கியது. அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்க ஆசை நிறைய இருந்தது. ஆனால் தங்களை மட்டமாக நினைப்பவர்கள் முன்னிலையில் அவர்களால் பேச முடியவில்லை. பேசுவதற்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, பேசுகிறவராக எதிரே இருப்பவர் நம்மை மதிக்கவும் வேண்டும் என்பது அவருடைய முடிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பேர். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இது தெரியாது. அங்கே கடைத்தெருவும் கோயிலும் பேருந்து நிறுத்தமும் தமிழ் பேசும். அந்தத் தெருவிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் பேருந்தில் போய் இறங்கும் குழந்தை, வகுப்பில் நுழைந்த நிமிடத்தில் நூற்றில் ஒன்றாகிவிடுகிறாள். உங்களை வாசலில் பேசாதே என்றது உங்கள் மேல் உள்ள வெறுப்பால் அன்று. தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற கெஞ்சல் அது. அவளைத் திட்டாதீர்கள். அதே சமயம் நீங்களும் அடங்கிப்போக வேண்டாம். மறுநாளும் அதே “சாப்பிட்டயா கண்ணு”வை, சத்தம் போடாமல், முகம் மலர்ந்து கேளுங்கள்.

‘பாண்டி’ என்று கூப்பிடுவதைப் பள்ளி நிறுத்த வேண்டும். அது குழந்தையின் வேலை இல்லை. வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையிடம் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது: பாண்டிய நாட்டின் பெயர்தான் அந்தச் சொல், திருச்சூர் பூரத்தில் ஊரே திரண்டு கேட்கும் இலஞ்சித்தற மேளத்துக்கும் பாண்டி மேளம் என்றுதான் பெயர். தன்னைக் குத்த எடுத்த சொல், குத்துகிறவர்களின் ஊர்த் திருவிழாவிலேயே பெருமையாக நிற்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை கொஞ்சம் நிமிரும். அவள் அப்பாவின் தொழிலையும் காட்டுங்கள். ஆங்கில அகராதியில் ‘காப்ரா’ என்றொரு சொல் இருக்கிறது, ‘காயர்’ என்றொரு சொல் இருக்கிறது. கொப்பரையும் கயிறும் நம் கரையிலிருந்து, மலையாளத்தின் வழியாக, ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். அப்பா ஏற்றிச் செல்லும் லோடு அவளுடைய ஆங்கில அகராதிக்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது.

டீச்சரிடம் பேசும்போது இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும், இவை நம் பண்பாட்டைச் சேர்ந்தவை. நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால் வாயாடி என்போம். ஆங்கிலவழி வகுப்பில் கையைத் தூக்காத பிள்ளைக்கு விஷயம் தெரியாது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே அமைதியை ஒரு வீடு மரியாதை என்று படிக்கிறது, ஒரு வகுப்பு அறியாமை என்று படிக்கிறது. இரண்டாவது, நம் மரியாதை வினைச்சொல்லின் முடிவில் இருக்கிறது. “புத்தகம் குடுங்க” என்றால் அந்த ‘ங்க’விலேயே எல்லாப் பணிவும் அடங்கிவிட்டது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘கிவ் மீ தி புக்’ என்று அதட்டலாக விழுகிறது. அந்த மொழியில் பணிவு ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’ என்று தனிச் சொற்களாக வெளியே நிற்க வேண்டும். போதாததற்கு, நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லாத அந்த ‘யூ’வை ஆசிரியரைப் பார்த்துச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாக்குக் கூசும். எத்தனையோ குழந்தைகள் முரட்டுப் பிள்ளை என்றோ ஊமை என்றோ பெயர் வாங்கியதற்கு இதுவே காரணம். உங்கள் மகளுக்கு இதைத் தமிழில் விளக்குங்கள். ‘ங்க’ ஆங்கிலத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அவளுக்குப் புரிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. தினமும் மாலையில் மறுநாள் நடக்கப்போகும் பாடம் எதைப் பற்றியது என்று தமிழில் அவளிடம் கேட்டுப் பேசுங்கள்; பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது சங்கதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், சொல்லை மட்டும் பிடித்தால் போதும். பிறகு கால் மணி நேரம் அவள் ஆங்கிலப் புத்தகம் எதையாவது சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பிழை திருத்த வேண்டாம், திருத்தவும் உங்களால் முடியாமல் போகலாம். “இப்போது என்ன நடந்தது, எனக்குச் சொல்” என்று தமிழில் கேளுங்கள். அவள் உங்களுக்கு ஆசிரியை ஆகட்டும். வாரம் ஒருமுறை பாட்டி சொன்ன கதை ஒன்றைத் தன்னால் முடிந்த ஆங்கிலத்தில் எழுதட்டும். தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போடலாம். கலந்து எழுதுவது நோய் இல்லை, பாலம் கட்டும்போது போடும் சாரம் அது. கட்டி முடிந்ததும் சாரத்தைத் தானாகவே பிரித்துவிடுவாள். இவற்றோடு தமிழ் எழுத்தும் வாசிப்பும் தொடர வேண்டும். பேச்சு மட்டும் தமிழில் நின்று எழுத்து நின்றுபோனால், நான் மேலே சொன்ன அந்த அடி ஊற்று ஆழப்படாது.

பள்ளி மாற்றம் பற்றி: நான்காம் வகுப்பு வரை தமிழில் படித்தது அவளுக்கு நட்டம் இல்லை, அடித்தளம். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956-இல், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பில் 350-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உங்கள் ஊர்த் தமிழ்வழிப் பள்ளி போன்றவற்றுக்கு அது ஓர் ஆதாரம். அந்தப் பள்ளிக்குத் திரும்புவது தோல்வி ஆகாது. ஆனால் இப்போது மாற்றினால், ஆங்கிலம் தனக்கு வராது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். முதலில் வெட்கம் தீரட்டும். தமிழை ஒரு பாடமாக எடுக்க வாய்ப்பிருக்கிறதா என்று இப்போதைய பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அவளைத் தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றைப் படிக்கச் செய்து பாருங்கள். தமிழிலும் எழுத்துகள் இடம் மாறினால், படித்ததை உடனே மறந்தால், அல்லது எந்த மொழியிலும் பின்னாலிருந்து கூப்பிடுவது காதில் விழவில்லை என்றால், அது மொழிகளின் எண்ணிக்கையால் வந்ததாக இருக்காது. அப்போது காது மருத்துவரையும் பேச்சு மொழிச் சிகிச்சை நிபுணரையும் பார்க்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் சோதிக்கச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் தவறான முடிவு வரும். தமிழ் தடையின்றிப் படிக்கிறாள், காதும் நன்றாகக் கேட்கிறது என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மதிப்பெண் வேண்டாம். மூன்று பத்தி நோட்டு எத்தனை பக்கம் நிறைந்தது, வகுப்பில் முதல்முறை எந்தக் கேள்விக்கு வாய் திறந்தாள், வாசலில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு இப்போது எந்த மொழியில் பதில் சொல்கிறாள் என்பவற்றை எழுதினால் போதும்.